வேலியும் கால்வாயும்: கரையோர நடையில் ஓர் அறிவியல் பாடம்

சென்ற கல்வியாண்டில் அறிவியல் கண்காட்சிக்குப் போய்விட்டு ஏழாம் வகுப்பு மாணவர்களுடன் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். நாங்குநேரிப் பக்கம் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும். தொலைவில் வானத்தைக் குத்திக்கொண்டு மெல்லிய கம்பங்கள் நிற்கும். அவை விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படை நிலையத்தின் கம்பங்கள். கடலுக்குள் மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்ப 1990 முதல் இயங்கும் நிலையம் அது. அந்தக் கம்பங்களில் மிக உயரமானவை சுமார் 470 மீட்டர். இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டு வந்தேன். ஜன்னலோரம் இருந்த இசக்கிமுத்து குறுக்கிட்டான்.

“அதுக்குள்ள யாரும் போவ முடியாதாம்லா டீச்சர்? அப்போ கொக்கு மட்டும் எப்படிப் போவுது?”

பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் மகாலட்சுமி மெதுவாகக் கேட்டாள்: “ஆளைப் பார்த்தாத்தான கொக்கு பறக்கும்? ஆளே போவாத இடத்துல அது என்ன செய்யும்?”

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ‘விலங்குகளின் வாழிடம்’ என்று பதினேழு ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். நீர், உணவு, தங்குமிடம் என்று மூன்றையும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ‘மனிதன் விலகி நிற்பது’ என்ற நான்காவது தேவையை ஒருநாளும் எழுதியதில்லை. (மாணவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.)

அந்தக் கேள்விக்கு விடை தேடி நாங்கள் செய்த மூன்று கால்வாய்க்கரை நடைகளைப் பற்றியது இக்கட்டுரை. பெரிய செலவில்லை, பேருந்து வேண்டாம், காடும் வேண்டாம். ஊரில் ஒரு வாய்க்கால் இருந்தால் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை எந்தப் பள்ளியிலும் செய்யலாம்.

வேலி எதைக் காக்கிறது?

முதலில் வகுப்பறையில் இரண்டு வெளிநாட்டு எடுத்துக்காட்டுகளைக் கதைபோலச் சொன்னேன். இரண்டுமே இராணுவ இடங்கள்.

முதலாவது இங்கிலாந்தில் உள்ள ஆல்டர்ஷாட். 1854-இல் அங்கு இராணுவ முகாம் அமைந்தது. அதற்கு அறுபது ஆண்டுகள் முன்பே, 1794-இல், படகுப் போக்குவரத்துக்காகத் திறக்கப்பட்ட பேசிங்ஸ்டோக் கால்வாய் அந்த இடத்தின் வழியே ஓடுகிறது. முகாம் கட்டுவதற்கான பொருள்கள் இந்தக் கால்வாயில் படகில் வந்தன. பிறகு ரயில் வந்தது, படகு குறைந்தது, கால்வாய் பாழடைந்தது. தன்னார்வலர்களும் உள்ளாட்சிகளும் சேர்ந்து பல ஆண்டுகள் தூர்வாரிச் சீரமைத்து 1991-இல் மீண்டும் திறந்தார்கள். இன்று சுமார் 51 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரையோரம் நடக்கலாம். முன்பு படகைக் கயிறு கட்டிக் குதிரைகள் இழுத்துச் சென்ற பாதை என்பதால் மேடுபள்ளம் இல்லை. முதியவர்களும் குழந்தைகளும் எளிதாக நடந்துபோய் மீன்கொத்தியையும் நாரையையும் அன்னத்தையும் பார்க்கிறார்கள். கால்வாயின் மேற்குப் பகுதியில் சுண்ணாம்புப் பாறை ஊற்றுநீர் காரத்தன்மையுடன் வருகிறது. கிழக்கே மணற்பாங்கான புதர்நிலத்தைக் கடக்கும்போது நீர் அமிலத்தன்மைக்கு மாறுகிறது. ஒரே கால்வாயில் இருவகை நீர் இருப்பதால் நீர்த்தாவரங்கள் பலவகை. இருபதுக்கும் மேற்பட்ட தும்பி வகைகளும் உண்டு. அமிலம், காரம் பாடத்துக்கு இதைவிட உயிருள்ள எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

கால்வாய்க்கு அருகிலேயே இராணுவத்தின் துப்பாக்கிச் சுடும் பயிற்சித் திடல்கள் உள்ளன. பயிற்சி நடக்கும் நாளில் சிவப்புக் கொடி ஏறும். யாரும் உள்ளே போகக்கூடாது. அந்தப் புதர்நிலத்தில்தான் தரையில் முட்டையிடும் பக்கிக் குருவி போன்ற பறவைகள் வாழ்கின்றன. பயிற்சிக்கென ஒதுக்கிய நிலம் என்பதால் அங்கே வீட்டுமனை எழவில்லை, உழவும் நடக்கவில்லை.

இரண்டாவது எடுத்துக்காட்டு பசிபிக் கடல் நடுவே ஹவாய்த் தீவுகளில். ஓவாகு தீவில் கனேயோகே என்ற இடத்தில் அமெரிக்கக் கடற்படைவீரர்களின் தளம் இருக்கிறது. தளத்துக்குள்ளேயே நூபியா என்னும் பழைய மீன் வளர்ப்புக் குட்டைகள் உள்ளன. நம் குளங்களில் பார்க்கும் நெடுங்கால் உள்ளானின் நெருங்கிய உறவான, அருகிவரும் ஹவாய் நெடுங்கால் உள்ளான் அங்கே முட்டையிடுகிறது. அதற்குத் திறந்த சேற்றுநிலம் வேண்டும். ஆனால் வெளியிலிருந்து வந்த ஒரு களைச்செடி சேற்றைப் பாய்போல மூடிவிட்டது. என்ன செய்தார்கள் தெரியுமா? நீரிலும் நிலத்திலும் செல்லும் கனத்த இராணுவ ஊர்திகளை, பறவைகள் கூடு கட்டும் பருவத்துக்கு முன்பாக அந்தச் சேற்றில் ஓட்டினார்கள். வீரர்களுக்கு ஓட்டுநர் பயிற்சி ஆயிற்று. களை உடைந்து பறவைக்குச் சேறும் கிடைத்தது. ஆண்டுதோறும் நடந்த இந்த வேலையைச் சொன்னபோது வகுப்பில் கைதட்டல் எழுந்தது.

ஆனால் இதோடு நிறுத்தினால் பாடம் பாதிதான். இராணுவம் வேலி போட்டது நாட்டுப் பாதுகாப்புக்காக; பறவைக்காக அல்ல. வெடிச்சத்தமும் தீயும் உயிர்களுக்குக் கேடு செய்யும் என்பதும் உண்மை. ஆகவே, “வேலி போட்டால் போதுமா?” என்று மாணவர்களைக் கேட்டேன். அவர்களே பக்கத்து ஊரைக் காட்டினார்கள்: கூந்தன்குளம்.

1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. ஊருக்குள் வீட்டு முற்றத்து மரத்தில் நாரை கூடு கட்டும். குளத்தில் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் இறங்கும். தீபாவளிக்கு அங்கே வெடிச்சத்தம் கேட்காது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை ஊர்க்காரர்கள் எடுத்து வளர்த்துவிடுவார்கள். வேலி இல்லை, ஆள் நடமாட்டம் உண்டு, பறவையும் உண்டு. “அங்க வேலி ஆளுக மனசுலதான் இருக்கு டீச்சர்” என்றாள் ஒரு மாணவி. நான் அதைக் கரும்பலகையில் எழுதினேன். பறவைக்குத் தேவை சுவர் இல்லை, நாம் கடைப்பிடிக்கும் எல்லை என்பதே இந்தப் பாடத்தின் மையக்கருத்து.

கால்வாய்க்கரை ஏன் நல்ல இடம்?

எங்கள் வட்டாரத்தில் பல குளங்களுக்கு மணிமுத்தாறு அணையின் கால்வாய் வழியாகவும் வடகிழக்குப் பருவமழையாலும் தண்ணீர் வருகிறது. 1950-களில் கட்டப்பட்ட அணை அது. அதன் நான்கு ‘ரீச்’ பற்றிப் பேசாத உழவர் எங்கள் ஊரில் இல்லை.

கால்வாய்க்கரை நடைக்கு எளிது என்பதற்கு அறிவியல் காரணம் உண்டு. கால்வாய்க்கு மிகச் சிறிய சரிவுதான் கொடுப்பார்கள். சரிவு கூடினால் நீர் வேகமெடுத்துக் கரையை அரிக்கும். குறைந்தால் வண்டல் படிந்து மேடாகும். எனவே நீர் எப்படிச் சமமாக ஓடுகிறதோ அப்படியே கரைப்பாதையும் சமமாக இருக்கும். எங்கள் வகுப்பில் காலை இழுத்து நடக்கும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். மலையேற்றம் என்றால் அவளை விட்டுவிட்டுத்தான் போயிருப்போம். கால்வாய்க்கரையில் அவளும் கடைசி வரை வந்தாள்.

இன்னொரு காரணம், நீரும் நிலமும் சந்திக்கும் ஓரம் எப்போதும் உயிர் மிகுந்த இடம். நீரில் மீனும் நத்தையும், ஓரத்தில் கோரையும் சம்பும், மேலே பனையும் உடைமரமும் இருக்கும். சில நூறு மீட்டரில் மூன்று வாழிடங்களைப் பார்த்துவிடலாம்.

தோற்றுப்போன முதல் நடை

ஜனவரி மாதம் ஒரு சனிக்கிழமை, வகுப்பில் இருந்த 38 பேரையும் ஒரே வரிசையாக அழைத்துப் போனேன். கையில் மெகாபோன் இல்லாத குறைதான். முன்னால் நடந்தபடி நானே உரக்கப் பாடம் நடத்தினேன். அரை மணி நேரத்தில் நாங்கள் பார்த்தவை இரண்டு காகங்களும் ஓர் எருமையும்தான். மற்றவையெல்லாம் எங்களுக்கு முன்பே பறந்துவிட்டன.

வளைவில் ஒரு கம்புள் கோழி கோரைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. இசக்கிமுத்து குனிந்து கல்லை எடுத்து வீசினான். படவில்லை. ஆனால் எல்லோர் முன்னிலையிலும் அவனைக் கடுமையாகத் திட்டினேன். அடுத்த இரண்டு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் அவன் அம்மாவைப் பார்த்தேன். “லீவு நாள்ல பூரா அந்தக் கரையிலதான் ஆடு மேய்ப்பான் டீச்சர். அவனுக்குத் தெரியாத பறவையா?” என்றார். பாடம் எனக்குத்தான் என்று புரிந்தது. கரையை நன்றாக அறிந்த மாணவனை வரிசையின் நடுவில் நிறுத்திவிட்டு, அறியாத நான் முன்னால் நடந்திருக்கிறேன்.

இரண்டாம் நடைக்கு முன் செய்த மாற்றங்கள்

ஆசிரியர் நண்பர்கள் இதைச் சரிபார்ப்புப் பட்டியலாகப் பயன்படுத்தலாம்.

1. அனுமதி: தலைமையாசிரியரின் எழுத்துபூர்வ அனுமதி, பெற்றோரின் ஒப்புதல் கடிதம் இரண்டும் கட்டாயம். எந்த நாளில் தண்ணீர் திறப்பார்கள் என்று நீர்வளத்துறைப் பணியாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். திறந்த நாளில் நடை கிடையாது.

2. இராணுவ இடங்கள்: படைத்தளம், விமானத்தளம் போன்றவை அருகில் இருந்தால் வேலியை ஒட்டிய பாதையைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம். படம் எடுக்கக் கூடாது. ட்ரோன் பற்றிப் பேச்சே இல்லை. ‘ஏன் கூடாது’ என்று மாணவர்களுக்கு விளக்குவதும் குடிமையியல் பாடமே. எங்கள் பாதை நிலையத்திலிருந்து வெகு தொலைவில் இருந்தது. கம்பங்கள் மட்டும் அடிவானில் தெரிந்தன.

3. குழு: ஒரு நடைக்கு 12 அல்லது 13 மாணவர். மூன்று சனிக்கிழமைகளில் மூன்று குழுக்கள். ஒவ்வொரு குழுவுடனும் என்னைத் தவிர, பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து நீச்சல் தெரிந்த ஒரு பெரியவர்.

4. நேரம்: காலை 6.30 முதல் 8.00 மணி வரை. தொலைவு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு.

5. பாதுகாப்பு: தண்ணீரில் இறங்கக் கூடாது, மதகின் மேல் ஏறக் கூடாது. காலில் செருப்பாவது இருக்க வேண்டும். புதருக்குள் கை விடக் கூடாது. முதலுதவிப் பெட்டி, குடிநீர், ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொலைபேசி எண் ஆகியவை ஆசிரியரிடம் இருக்க வேண்டும்.

6. குறிப்பேடு: ஒரு பக்கத்தை நான்கு கட்டமாகப் பிரிக்கச் சொன்னேன். பார்த்தது, கேட்டது, தடயம், என் கேள்வி. நான்காவது கட்டம் காலியாக இருந்தால் நடை முடியவில்லை என்று பொருள்.

7. வழிகாட்டி: முன்னால் நடப்பவர் ஒரு மாணவர். முதல் குழுவுக்கு இசக்கிமுத்துவைக் கேட்டேன். கொஞ்ச நேரம் தரையையே பார்த்தான். பிறகு, “யாரும் பேசக் கூடாதுன்னு சொல்லுங்க, வாரேன்” என்றான்.

ஐந்து நிறுத்தங்கள்

நடந்துகொண்டே பார்ப்பதைவிட நின்று பார்ப்பதே பயன். ஒவ்வோர் இடத்திலும் எட்டு முதல் பத்து நிமிடம் உட்காரவேண்டும். முதல் மூன்று நிமிடம் ஒன்றும் நடக்காது. நான்காவது நிமிடம் கரை மீண்டும் தன் வேலையைத் தொடங்கும்.

முதல் நிறுத்தம், மதகு. ஷட்டர் இடுக்கில் நீர் கசிந்து விழும் இடத்தில் மீன் கூடும். மீன் கூடுமிடத்தில் மடையான் நிற்கும். மண் நிறத்தில் அசையாமல் நின்ற பறவை எழும்பியதும் வெள்ளையாக மாறிவிட்டதாகப் பிள்ளைகள் ஆச்சரியப்பட்டார்கள். ‘இரண்டு பறவை’ என்றே நான்கு பேர் எழுதினார்கள். மடக்கிய சிறகில் மறைந்திருக்கும் வெள்ளை விரித்த சிறகில் தெரிகிறது. உருமறைப்பு என்ற சொல்லை அப்போதுதான் அறிமுகம் செய்தேன்.

இரண்டாம் நிறுத்தம், படித்துறை. ஆள் நடமாட்டம் மிகுந்த இடம். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்திலேயே வாலாட்டிக் குருவி வாலை ஆட்டியபடி நடந்தது. யார் யார் மனிதருக்கு அருகில் வாழப் பழகியிருக்கிறார்கள் என்று பட்டியலிடச் சொல்லுங்கள்.

மூன்றாம் நிறுத்தம், கோரையும் சம்பும் அடர்ந்த வளைவு. கம்புள் கோழி, தும்பிகள், தூக்கணாங்குருவியின் பழைய கூடுகள். தட்டானுக்கு நூல் கட்டி விளையாடிய கைகள் இங்கே அதன் கண்ணையும் இறக்கையையும் வரைந்தன. தட்டானின் இளம்பருவம் நீருக்குள் வாழ்ந்து கொசுப்புழுவைத் தின்னும் என்று சொன்னதும், “இனிமே கட்ட மாட்டோம்” என்று யாரும் உறுதிமொழி எடுக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் நூல் கட்டிய தட்டானை நான் பார்க்கவில்லை.

நான்காம் நிறுத்தம், பனைக்கூட்டம். பனங்காடையின் நீலச் சிறகு, ஓலையில் ஒட்டிக்கொண்டு கூடு கட்டும் பனை உழவாரன். கீழே தடயம் தேடும் நேரம். ஈர மண்ணில் கீரியின் கால்தடம், நடுவே வால் இழுத்த கோட்டுடன் உடும்பின் தடம், மூன்று விரல் முன்னும் ஒன்று பின்னுமாக நாரையின் தடம். உயிரைக் காணாமலேயே உயிரை அறியலாம் என்பது பிள்ளைகளுக்குப் பெரிய கண்டுபிடிப்பு.

ஐந்தாம் நிறுத்தம், கால்வாய் குளத்தில் சேரும் வாய். கூழைக்கடா, நீர்க்காகம், புள்ளிமூக்கு வாத்து, நெடுங்கால் உள்ளான். குளிர்காலத்தில் அதிர்ஷ்டம் இருந்தால் வரித்தலை வாத்தும். மத்திய ஆசியாவின் மேட்டுநிலங்களில் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி இங்கே வரும் பறவை அது. 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அது பறந்தது பதிவாகியிருக்கிறது. ஆறாம் வகுப்புத் தமிழில் ‘சிறகின் ஓசை’ பாடத்தில் படித்த வலசை, இங்கே கண்ணெதிரே நீரில் மிதக்கிறது.

வெள்ளையாக இருப்பதையெல்லாம் ‘கொக்கு’ என்று எழுதும் பழக்கத்தை மாற்ற ஒரு வழி: அலகின் நிறம், காலின் நிறம், உருவ அளவு, நடக்கும் விதம் ஆகிய நான்கையும் எழுதிய பிறகே பெயரைச் சொல்ல வேண்டும். ஊரில் வழங்கும் பெயரை முதலில் எழுதட்டும். புத்தகப் பெயர் பிறகு வரட்டும்.

தலை தூக்கும் தூரம்

மகாலட்சுமியின் கேள்விக்கு விடை தேட ஒரு சிறிய அளவீட்டைச் செய்தோம். கணக்கும் அறிவியலும் இணையும் செயல்பாடு இது.

பள்ளி மைதானத்தில் 10 மீட்டர் அளந்து, அதைக் கடக்க எத்தனை காலடி என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டார்கள். இருபது காலடி என்றால் ஒரு காலடி அரை மீட்டர். கரையில் ஒரு மாணவர் மட்டும் பறவையை நோக்கி மெதுவாக நடப்பார். பறவை இரையை விட்டுத் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தவுடன் நின்றுவிட வேண்டும். அங்கிருந்து பறவைக்கு எவ்வளவு தூரம் என்று குழு கண்மதிப்பாகக் குறிக்கும். பறவை தானாக இடம் மாறிப் போனபின் அந்தத் தூரத்தைக் காலடியால் அளந்து சரிபார்க்கலாம். பறவை பறக்கும் வரை நெருங்குவது இந்தச் செயல்பாட்டில் தோல்வி. ஒரு பறவையிடம் ஒருமுறைதான். கூடு இருக்கும் இடத்தில் செய்யவே கூடாது.

படித்துறையில் மடையான் பத்துப் பன்னிரண்டு காலடி வரை எங்களைப் பொருட்படுத்தவில்லை. ஆள் வராத வளைவில் அதே வகைப் பறவை நாற்பது காலடியிலேயே தலையைத் தூக்கியது. பிள்ளைகள் குழம்பினார்கள். ஆள் இல்லாத இடத்துப் பறவைக்குப் பயம் குறைவாகத்தானே இருக்க வேண்டும்?

நீண்ட விவாதத்துக்குப் பிறகு அவர்களே ஒரு விளக்கத்துக்கு வந்தார்கள். படித்துறைக்கு வருபவர்கள் துணி துவைக்க வருகிறார்கள். பறவையைப் பார்ப்பதுகூட இல்லை. வளைவுக்கு வருபவர் கண்ணியோ கவணோ கொண்டு வந்திருக்கலாம். பறவை ஆளைக் கண்டு பயப்படுவதில்லை. ஆள் இதுவரை செய்ததை நினைத்துப் பயப்படுகிறது. இந்த விளக்கத்தைச் சரிபார்க்க இன்னும் பல இடங்களில் அளக்க வேண்டும் என்றும் எழுதிக்கொண்டோம். ஒருமுறை அளந்து முடிவு சொல்லிவிடாமல் இருப்பதும் அறிவியல் மனப்பான்மைதான்.

வகுப்பறைக்குத் திரும்பிய பின்

- பார்த்த உயிர்களைக் கொண்டு உணவு வலை வரைதல். மீன், தும்பி, தவளை, மடையான், கீரி என்று தங்கள் கரையின் வலையையே வரையட்டும்.
- தலை தூக்கும் தூரங்களைக் கொண்டு பட்டை வரைபடம்.
- “எங்கள் கரைக்கு ஐந்து எல்லைகள்” என்ற தலைப்பில் தமிழ்ப் பாடவேளையில் அறிவிப்புப் பலகை எழுதுதல்.
- ‘இராணுவ நிலத்தில் உயிரினங்கள் வாழ்வது நன்மையா?’ என்று இரு பக்கமும் பேசும் வகுப்பு விவாதம்.

மதிப்பீட்டுக்குப் பெயர்ப் பட்டியல் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். இருபது பறவை எழுதியவரைவிட, ஒரு பறவையைப் பத்து நிமிடம் பார்த்து எழுதியவர் அதிகம் கற்றிருப்பார். நான் பார்த்தவை மூன்று: கண்டதையும் ஊகித்ததையும் பிரித்து எழுதியிருக்கிறாரா, கேள்வி அவருடைய சொந்தக் கேள்வியா, பறவையைத் தொந்தரவு செய்யாமல் பார்த்தாரா.

இசக்கிமுத்து சொல்லாத இடம்

மார்ச் முதல் வாரத்தில் மூன்றாம் நடை. பனைக்கூட்டத்தைத் தாண்டியதும் தலைக்கு மேலே ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டே வட்டமிட்டது. முன்னால் நடந்த இசக்கிமுத்து சட்டென்று நின்று கையை உயர்த்தினான்.

“பின்னால போங்க. முட்டை இருக்கு.”

நாங்கள் யாரும் எதையும் பார்க்கவில்லை. ஆள்காட்டி கூடு கட்டாது. வெறுந்தரையில் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக முட்டையிடும். மிதித்தால்தான் தெரியும். அவனுக்கு மட்டும் தெரிந்திருந்தது. பன்னிரண்டு பேரும் வந்த வழியே திரும்பினோம். அன்று ஐந்தாம் நிறுத்தத்துக்குப் போகவில்லை.

பள்ளிப் பதிவேட்டில் குறிப்பதற்காக, சரியாக எந்த இடம் என்று மாலையில் அவனைக் கேட்டேன்.

“இப்போ வேண்டாம் டீச்சர். சொன்னா எல்லாரும் பாக்கப் போவாவ. குஞ்சு பொரிச்ச பொறவு சொல்லுதேன்.”

அவன் குறிப்பேட்டில் ‘இடம்’ என்ற வரி காலியாக இருந்தது. அந்தக் காலி வரிக்கு முழு மதிப்பெண் போட்டேன். ஜனவரியில் கல் எறிந்தவன் மார்ச்சில் அந்த முட்டைகளைச் சுற்றி யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு வேலி போட்டிருந்தான். ஆசிரியரையும் அதற்குள் விடவில்லை. கொக்கு எப்படி உள்ளே போகிறது என்று பேருந்தில் கேட்டவன் அவன்தான்.

ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அறிவியல் தேர்வன்று காலை மணி அடிப்பதற்கு முன் ஓடிவந்து சொன்னான்: “நாலு முட்டையில மூணு குஞ்சு டீச்சர். ஒண்ணைக் கீரி எடுத்திருக்கும்.” இடத்தையும் சொன்னான். பதிவேட்டில் எழுதிக்கொண்டேன்.

ஆசிரியர் நண்பர்களே, உங்கள் ஊரிலும் ஒரு வாய்க்கால் இருக்கும். சென்னையில் என்றால் ஏரிக்கரை, டெல்டாவில் என்றால் ஆற்றங்கரை. அந்தக் கரையை உங்களைவிட நன்றாக அறிந்த ஒரு பிள்ளை உங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். முதலில் அந்தப் பிள்ளையைக் கண்டுபிடியுங்கள். ஒரு சனிக்கிழமை காலை அவருக்குப் பின்னால், பேசாமல், நடந்து பாருங்கள்.

(கட்டுரையாளர், திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டாரத்தில் உள்ள அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரிகிறார்.)